கணக்கில் வராத தூக்கம்

தூக்கம் வராதவர்களுக்கு வைத்தியம் தேடப் போய்த் தன் தூக்கத்தைத் தொலைத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் சிதம்பரநாதன். திருச்சியில் பல வருடம் கிளினிக் நடத்திய டாக்டர். அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆராய்ச்சி கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில், தன்னைவிட வயதில் இளையவரான பேராசிரியர் மெஹருன்னிசாவிடம் மாணவராகச் சேர்ந்தார். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

மெஹருன்னிசா நடத்திய ஆய்வு இதுதான். தூக்கமில்லாமல் தவிப்பவர்களைச் சீட்டுப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி. கண் சொருகினால்தான் கட்டிலுக்குப் போக வேண்டும், தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும், படுத்திருக்கும் நேரத்தையே சுருக்க வேண்டும். இன்னொரு குழுவுக்கு அதெல்லாம் கிடையாது. அவர்களும் வாரம் தவறாமல் வருவார்கள், ஒரு டாக்டர் எதிரே உட்காருவார்கள், பேசிவிட்டுப் போவார்கள். பலன் பயிற்சியால் வருகிறதா, இல்லை யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே வந்துவிடுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஏற்பாடு. யார் எந்தக் குழு என்று வருகிறவர்களுக்குக் கடைசி நாள்வரை சொல்லக் கூடாது.

சிதம்பரநாதனுக்குப் பேச்சுக் குழுதான் வாய்த்தது.

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"கேளுங்க சார்."

"கேட்டுட்டு?"

"அவ்வளவுதான்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருட அனுபவத்தோடு வந்து ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிட்டோமே என்று வருத்தம். இருந்தாலும் சொன்ன பேச்சைத் தட்டாமல் உட்கார்ந்தார். மாத்திரை எழுதத் துறுதுறுத்த கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஆய்வு முடியும் கட்டத்தில் கணக்குப் பார்த்தார்கள். பயிற்சிக் குழு நன்றாகத் தூங்கியது. சந்தோஷம். பேச்சுக் குழுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தூங்கியது. அங்கேதான் வந்தது வினை.

அந்தப் பயிற்சியைச் சிதம்பரநாதன் மனதார நம்பினார். அதற்குப் பெரிய பலன் இல்லை என்று எழுதினால் ஜனங்கள் மறுபடி மாத்திரைக்கே போய்விடுவார்கள் என்று பயந்தார். தான் கைவைத்த முதல் ஆராய்ச்சி, அதுவும் தன் குழுவாலேயே கெட்டுப்போனது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. சில நாள் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, பேராசிரியரிடம் வந்து நின்றார்.

"மேடம், என் குழுவுல சில பேரைக் கணக்குல இருந்து எடுத்துடலாம்."

"ஏன் சார்?"

"ரொம்ப நல்லாத் தூங்குறாங்க."

மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றினார். "தூங்கினது தப்பா?"

"அவங்களுக்கு நிஜமாவே தூக்கமின்மை இருந்திருக்காது மேடம். இருந்திருந்தா, வைத்தியமே இல்லாம எப்படிச் சரியாகும்?"

"சோதிச்சுச் சேர்த்தது யாரு?"

"நான்தான்."

பேராசிரியர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "இன்னைக்குக் கடைசி சந்திப்புக்கு யாரோ வர்றாங்களே?" என்று மட்டும் கேட்டார்.

"தெய்வானை. நான் எடுக்கச் சொன்னதுல முதல் ஆளே அவங்கதான்."

"வரட்டும். நானும் உக்காந்துக்குறேன்."

தெய்வானை ஜாக்கெட் தைப்பவர். கணவர் இறந்ததிலிருந்து தூக்கம் போய், பகலில் மெஷின் முன்னாலேயே கண் சொருகி, ஊசியை விரலில் இறக்கிக்கொண்டவர். முதல் நாள் கட்டுப் போட்ட விரலோடுதான் வந்தார். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"சார், ஒரு கூத்து கேளுங்க. நேத்து வாசல் தெளிக்கக் காணோமேன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைக்கப் போயிட்டாங்க. எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு! நான் பாட்டுக்குத் தூங்கிட்டிருக்கேன்."

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். சிதம்பரநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"அம்மா, இன்னைக்கோட ஆய்வு முடியுது. நீங்க இருந்தது பேச்சுக் குழு. பயிற்சி இன்னும் உங்களுக்குக் குடுக்கல. வேணும்னா இனிமே ஆரம்பிக்கலாம்."

தெய்வானை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எனக்கு வைத்தியமே பண்ணலையா?"

"இல்லம்மா."

"பரவால்ல சார், இருக்கட்டும். தூக்கம் வராதவங்க யாருக்காச்சும் குடுங்க."

கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அவர் போனதுதான் தாமதம், சிதம்பரநாதன் திரும்பினார்.

"பாத்தீங்களா மேடம்? இவங்களை வச்சுக்கிட்டு எப்படிக் கணக்குப் போடுறது?"

"நீங்க சொல்றது புரியுது. எடுத்துடலாம்."

அவருக்கு நம்பவே முடியவில்லை. "நிஜமாவா?"

"ஆமா. ஆனா ஒரு வேலை பாக்கி. அந்த அம்மா இன்னும் கேட் தாண்டியிருக்க மாட்டாங்க. கூப்பிட்டுச் சொல்லிடுங்க. 'உங்க தூக்கம் எங்க கணக்குக்கு ஒத்து வரல, தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துட்டுப் போங்க'ன்னு."

சிதம்பரநாதன் எழுந்தார். என்ன வேகமோ, வாசல்வரை போயும்விட்டார். தெய்வானை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், எதையாவது விட்டுட்டேனா?"

சிதம்பரநாதன் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

உள்ளே வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"யாரையும் எடுக்க வேணாம் மேடம். நடந்ததை நடந்தபடி எழுதிடுறேன்," என்றார் சிதம்பரநாதன். "ஆனா நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. வைத்தியமே பண்ணாம எப்படித் தூங்கினாங்கன்னு."

"எனக்கும் அதான் தெரியணும். அந்த ரூம்ல நீங்க என்ன சார் பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலையே மேடம். ஒரு மாத்திரை எழுதல. ஒரு யோசனை சொல்லல. இந்த அம்மா தன் வீட்டுக்காரர் போன கதையைச் சொன்னாங்க, அழுதாங்க, மறு வாரமும் அதையே சொன்னாங்க. முடியுறவரைக்கும் கேட்டுட்டிருந்தேன். அவ்வளவுதான்."

"உங்க கிளினிக்ல எத்தனை பேருக்கு இதைப் பண்ணியிருக்கீங்க?"

சிதம்பரநாதனுக்குத் தன் கிளினிக் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தவர் சொல்லி முடிப்பதற்குள் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பார். கம்பவுண்டர் அடுத்த ஆளை உள்ளே விட்டிருப்பார். கூட்டம் அப்படி. அதில் பெருமையும் உண்டு. இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

"ஒருத்தருக்கும் இல்ல மேடம்."

"அப்ப புதுசா ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சிருக்கீங்க சார். வாங்க, அடுத்து அதைச் சோதிச்சுப் பாப்போம்."