எங்கே போய்விடும் நம்ம கடை?

கருங்குட்டைக் கரையில் செம்பி என்ற கீரி மருந்துக் கடை வைத்திருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, தேன் எல்லாம் அங்கே கிடைக்கும். விஷமுறி வேரும் கிடைக்கும்.

அந்த வேரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பாம்பு கடித்தால் உயிரைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். ஆனால் பதினைந்து நாளில் உளுத்துப்போகும். செம்பி மாதம் இரண்டு தடவை மலையேறி, நகம் தேயத் தோண்டி எடுத்து வரும். யாரையும் பாம்பு கடிக்காவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான். சுக்கும் மிளகும் தினமும் விற்றால்தான் அந்த வேரை வைத்திருக்கக் கட்டுப்படியாகும்.

இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

இரண்டு காடு தள்ளி ஒரு நரி பெரிய கடை திறந்தது. அதே சுக்கு, அதே மிளகு. இரண்டு கடைக்கும் சரக்கு கொண்டுபோய்ப் போடுவது ஒரே குரங்குதான். ஆனால் நரி அதை மந்தார இலையில் மடித்து, சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தது. அவ்வளவுதான், ஊருக்குத் தலைகால் புரியவில்லை!

"வெளியூர்ச் சரக்காக்கும்!" என்று ஊர்த்தலைவர் மயில் தோகையை ஆட்டியது.

"நரி கடையில வாங்கினது! வாசனையைப் பாருங்க!" என்று முயல், வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சுக்குத் தண்ணீர் கொடுத்துப் பீற்றிக்கொண்டது.

"அப்போ செம்பி கடை?" என்று யாராவது கேட்டால், "அது நம்ம கடைதானே! எங்க போயிடப் போகுது?" என்பார்கள்.

நரி கடையிலிருந்து திரும்ப ஒரே வழி, செம்பி கடை வாசல்தான். மயில் பொட்டலத்தைத் தோகைக்குள் செருகிக்கொள்ளும். முயல் வயிற்றடியில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போகும்.

"கால்ல முள்ளு குத்திடுச்சுக்கா!" என்று கேட்காமலே சொல்லும். சிவப்பு நூல் வெளியே தொங்கும். செம்பி பார்க்கும்.

மழைப் பூசை வந்தால் மட்டும் மயில் நேராக அங்கே வந்து நிற்கும்.

"பூசைக்கு ஒரு குடம் தேன் வேணும் செம்பி. உன்னை விட்டா யாரு இருக்கா?"

"நரிகிட்ட கேட்டீங்களா மாமா?"

"அவரு வெளியூர்க்காரரும்மா! அவருகிட்டப் போயி எப்படி வாயைத் திறந்து கேக்குறது?"

என்ன நியாயம் பாருங்கள்! செம்பி தேனைக் கொடுத்தது. கொடுக்காவிட்டால் ஊரில் இருக்க முடியுமா?

அந்தக் கோடையில் வியாபாரம் அடியோடு படுத்துவிட்டது. மிஞ்சியிருந்த ஒரே ஒரு வேரையும் மூட்டையில் கட்டிக்கொண்டு, ஒருநாள் காலை செம்பி கடையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டே மலைப்பக்கம் நடந்தது. அது போனதை யாருமே கவனிக்கவில்லை.

அன்று மதியம் முயலின் குட்டியைப் பாம்பு கடித்துவிட்டது.

முயல் ஓடிவந்து பூட்டிய கதவை அறைந்தது. "அக்கா! அக்கா!"

சத்தம் கேட்டு வந்த மயில் நரி கடைக்குப் பறந்தது.

"விஷமுறி வேரா?" என்று நரி சிரித்தது. "எப்பவோ ஒண்ணு விக்கிற சரக்கை நான் எதுக்கு வெச்சுக்கிட்டு அழணும்? உங்க ஊருக் கடையில போயிக் கேளுங்க!"

திரும்பிப் பறக்கும்போது மலைப்பாதையில் செம்பியின் வால் தெரிந்தது. மயில் கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னது. செம்பி உடனே திரும்பியது. மூட்டையோடு ஓடிவந்தது. வேரை அரைத்துப் புகட்டியது. சாயங்காலம் குட்டி கண் விழித்தது.

"இனிமே நீ எங்கேயும் போகக் கூடாது!" என்று ஊரே சூழ்ந்துகொண்டது.

அப்போதுதான் செம்பி வெடித்தது.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றீங்க? சுக்கு வேணும்னா நரி. உயிர் வேணும்னா நானா? அந்தச் சுக்கை வித்தாத்தானே நான் மலையேற முடியும்! வாசல்ல நொண்டிட்டுப் போறப்போ என் கண்ணு குருடுன்னா நெனச்சீங்க?"

எல்லாரும் தலை குனிந்தார்கள். "இனி உன் கடைதான், சத்தியம்!" என்று மயில் சொன்னது. முயல் காலிலேயே விழுந்தது.

செம்பி நம்பியது. மறுநாள் மலையேறிப் புது வேர் கொண்டுவந்தது. கடையைக் கூட்டி, சரக்கை அடுக்கி வைத்துக் காத்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வாசலோரம் ஏதோ நொண்டும் சத்தம். முயல்!

"குட்டி எப்படி இருக்கு?" என்று செம்பி கேட்டது.

"நல்லாயிருக்குக்கா. உடம்பு தேறணும்ல? அதுக்குத்தான் நல்ல தேனா ஒரு பொட்டலம்..."

முயல் நாக்கைக் கடித்துக்கொண்டது. வயிற்றடியில் சிவப்பு நூல் தொங்கியது. செம்பிக்குப் பின்னால் குடம் நிறையத் தேன் இருந்தது.

செம்பிக்கு ஆத்திரத்தில் உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. தோண்டிய வேரையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கி நடந்தது.

"அக்கா, கடை? கடையைப் பூட்டலையா?"

"இனி அது எதுக்கு?" என்றது செம்பி. திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் கோரைப்புல்லுக்குள் மறுபடியும் அந்தப் பாம்பு நெளிந்தது. முயல் குட்டிகளை வாரிக்கொண்டு கடைக்கு ஓடியது. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

நல்ல நாளில் பக்கத்துக் கடையைப் பட்டினி போடுகிற ஊருக்கு, ஆபத்து நாளில் உதவ அந்தக் கடையில் ஆள் இருக்காது.