பண்ணையாரின் அதட்டலும் பப்பாளி விதையும்

பண்ணையார் வைரவநாதனின் இரு குளங்களிலும் ஜிலேபி மீன்கள் ஓயாமல் குஞ்சு பொரித்து, இரை போதாமல் விரலளவிலேயே நின்றன.

"இனி ஒரு குஞ்சைப் பார்த்தேன், உனக்கு வேலை கிடையாது," என்று தீவனம் போடும் செங்கமலத்தை எச்சரித்தார்.

மீன் பெருகுவதை அடக்குமென்று அவள் பப்பாளி விதையைப் பொடித்துத் தீவனத்தில் கலந்தாள். "மேலைக்குளத்துக்கு அந்தக் குப்பை வேண்டாம்," என்று அவர் தடுத்ததால், கீழைக்குளத்துக்கு மட்டுமே இட்டாள்.

ஆறாம் மாதம் கீழைக்குளத்து வலையில் குஞ்சே இல்லை. ஒவ்வொரு மீனும் கொழுத்திருந்தது. வியந்த வியாபாரிகளிடம், "நான் போட்ட அதட்டல் அப்படி! மீனே அடங்கிடுச்சு," என்றார் பண்ணையார்.

அப்போது மேலைக்குளத்து வலை கரையேறியது. அதில் குஞ்சுகளே துள்ளின.

"அங்கேயும் ஒரு அதட்டல் போட்டிருக்கலாமேங்க, ஐயா?" என்றாள் செங்கமலம்.

வியாபாரிகளோடு சேர்ந்து அவரும் வாய்விட்டுச் சிரித்தார். "அதையும் நீயே பாத்துக்க, தாயி. அந்தக் குளம் என் பேச்சைக் கேக்காது."