தேவகுஞ்சரியின் நட்சத்திரம்

மலைமேல் இருந்த அந்த வான் ஆய்வகத்தில் தொலைநோக்கியைத் தொட்ட முதல் பெண் தேவகுஞ்சரி. மங்கலான ஒரு நட்சத்திரம் நாற்பத்தொரு நாளுக்கு ஒருமுறை ஒளி குன்றுகிறது என்று கண்டு சொன்னவர். அவருக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த நட்சத்திரம்தான்.

அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த நஸ்ரின் அதே நட்சத்திரத்தை ஐந்து வருடம் அளந்தாள். ஒளி ஒருமுறை நன்றாகக் குன்றியது, அடுத்தமுறை கொஞ்சம் குறைவாக. அப்படியானால் இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு முழுச் சுற்று; அது நாற்பத்தொன்று அல்ல, எண்பத்திரண்டு நாள். கட்டுரையை எழுதி, மூன்று மாதமாக இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தாள்.

ஆசிரியருக்குப் பாராட்டு விழா நெருங்கியது. ஒரு மத்தியானம், மனசு கேட்காமல் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

தேவகுஞ்சரி கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தார்.

“எப்போ தெரிஞ்சது?”

“மூணு மாசமாச்சு மேடம்.”

“என்கிட்ட சொல்லப் பயமா?”

“உங்ககிட்ட இல்ல. ‘பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு அப்பவே சொன்னோமே’ன்னு சிரிக்க ஆள் இருக்கு. அவங்க கையில இதை எப்படிக் கொடுக்கறது?”

தேவகுஞ்சரி பேனாவைத் திறந்தார். ‘பழைய கருவிகளால் சிறு வேறுபாடு நேர்ந்திருக்கலாம்’ என்று நஸ்ரின் பூசி மெழுகியிருந்த வரியை அடித்தார். அதன் மேல் எழுதினார்: ‘தேவகுஞ்சரியின் கணக்கு தவறு.’

நஸ்ரினுக்குக் கண் கலங்கியது. தேவகுஞ்சரி பேனாவை மூடினார்.

“நான் சேர்ந்த புதுசுல ரெண்டு வருஷம் எனக்குத் தொலைநோக்கி அறைச் சாவியே தரல. மத்தவங்க எடுத்த படத்தை அளந்து கொடுக்கறதுதான் வேலை. ஒருநாள் இயக்குநரோட கணக்குல ஒரு தப்பு கண்ணுல பட்டுச்சு. நேராப் போய்ச் சொல்லிட்டேன்.”

“கோபப்பட்டாரா?”

“ஒரு வாரம் முகம் கொடுக்கல. எட்டாம் நாள் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில வச்சாரு.”

அடிக்கப்பட்ட வரியையே நஸ்ரின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விழாவுல எல்லாரும் உங்களைப் புகழ்ந்துதானே மேடம் பேசுவாங்க? இந்தக் கட்டுரை மட்டும் நடுவுல வந்தா…”

“முப்பது வருஷமாப் புகழ்ந்துட்டுத்தான் இருக்காங்க.” தேவகுஞ்சரி கட்டுரையை அவள் பக்கம் நகர்த்தினார். “என் கணக்கை நீ ஒருத்திதான்மா படிச்சிருக்கே.”