ஆமை சொல்லாமல் விட்ட வார்த்தை

கடலுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஆமைகள் எல்லாமே தரையில்தான் வாழ்ந்தன. கடற்கரைத் தாழம்புதர் ஒன்றில் ஓர் ஆமைப்பெண்ணும் அவள் கணவனும் குடியிருந்தார்கள். பெரிய வசதி ஒன்றுமில்லை. கொஞ்சம் புல், கொஞ்சம் நிழல், ஓயாத பேச்சு. அவள் வயிற்றில் முட்டைகள் இருந்தன. பிறக்கப்போகும் குஞ்சுகள் யார் ஜாடை என்று இருவரும் தினமும் சண்டை போட்டார்கள்.

மாசி அமாவாசையன்று கடல் கரைக்கு வந்து கூவியது.

"வா தாயி! உள்ள வந்து இருந்து பாரு. அடுத்த அமாவாசை வரைக்கும் சும்மாதான். புடிக்கலேன்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு."

இனாம் என்றால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்? அவள் இறங்கி வந்தாள். அலை பின்வாங்கும்போது கடல் இன்னொன்றையும் நுரைக்குள் முணுமுணுத்தது. "சும்மா இருந்துட்டா, சம்மதம்னு எடுத்துக்குவேன்." அவள் காதில் முதல் 'சும்மா' மட்டும்தான் ஏறியது.

தானும் கடலுக்குள் இருந்து பார்க்கும் ஆசையில் வந்திருந்த நண்டுக்கு இரண்டுமே கேட்டது.

"அக்கா, நான் நாளுக்கு ஒரு மண்ணுருண்டை உருட்டி வைக்கப்போறேன். அமாவாசைக்கு முந்தின நாளே வேணாம்னு சொல்லிடுவேன். நீங்களும் ஏதாவது அடையாளம் வச்சுக்கங்க."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு இவ்வளவு பாடா?" என்று அவள் சிரித்தாள்.

"முட்டையிடுறதுக்குள்ள வந்துடு புள்ள," என்றான் கணவன்.

வாழ்நாளெல்லாம் சுமந்த ஓடு தண்ணீருக்குள் கனக்கவேயில்லை. பாவம், அந்தச் சுகம் அவளுக்குப் புதிது. கணவனை அவள் மறக்கவில்லை. தினமும் நினைத்தாள். நாளைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றும் தினமும் நினைத்தாள்.

ஒரு மாலை தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேற்கே மெல்லிய பிறை தெரிந்தது. அமாவாசை தாண்டிவிட்டிருந்தது.

"வேணாம்! எனக்கு வேணாம்! நான் வீட்டுக்குப் போறேன்!"

"அதை அமாவாசைக்குள்ள சொல்லியிருக்கணும் தாயி. நண்டு சொல்லிட்டுப் போயிடுச்சு. நீ சும்மா இருந்தே. இனிமே நீ என்னோட ஆளு."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் ஒட்டிக்கொண்டு துடுப்புகளாயின. நடந்து திரிந்த கால்களைக் கடல் எடுத்துக்கொண்டது.

"வயித்துல இருக்கிறதாவது மண்ணுல பிறக்கட்டுமே," என்று அழுதாள்.

"வருசத்துக்கு ஒரு தரம் கரைக்குப் போ. முட்டையைப் புதைச்சதும் வந்துடணும். பொரிஞ்சதும் குஞ்சுங்களும் எங்கிட்டதான் வரணும்."

துடுப்புகளால் மணலை இழுத்து இழுத்து அவள் கரையேறினாள். புதரிலிருந்து கணவன் தன்னால் முடிந்த வேகத்தில் ஓடிவந்தான். அவள் துடுப்புகளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்ன புள்ள ஆச்சு?"

"நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன் மச்சான்."

அவன் திட்டவில்லை. பக்கத்தில் வந்து குழி தோண்ட உதவினான். முட்டைகளை மூடிய பிறகு இருவரும் ஓட்டோடு ஓடு உரசிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார்கள். அலை வந்து அவளைக் கூப்பிட்டது. அவளுக்குப் போக மனமில்லை, போனாள். அவள் பின்னாலேயே போக அவனுக்கு ஆசைதான், நீந்தத் தெரியாது. அவள் தலை தண்ணீருக்குள் மறைந்த பின்னும் அவன் அங்கேயே நின்றான்.

நண்டு கெட்டிக்காரன். இன்றும் வளையைச் சுற்றி மண்ணுருண்டைகளை வைத்துக்கொண்டு, கடலில் கால் நனைத்த கையோடு கரைக்கு ஓடிவிடுகிறது.

ஆமைக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. அன்று முதல்தான் பங்குனி ஆமை என்கிற கடலாமை ஆண்டுக்கொரு முறை கரையேறி, மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, கண்ணில் நீர் வழிய, தன் குஞ்சுகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடலுக்குத் திரும்பிப் போகிறது.