கோடித்துணி தைத்த மில்காள்

கடலோரமா யோப்பான்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல தபீத்தாள்னு ஒரு அம்மா. இயேசப்பா வழியில நடக்குற சீஷி அவ. நாலு பேர் முன்னால நின்னு பேச வராது, ஊசியும் நூலுந்தான் பேசும். புருஷன இழந்த பொம்பளைங்களுக்கெல்லாம் சரக்கு சரக்குனு சட்டை தச்சுக் குடுப்பா. ம் சொல்லு, அப்பதான் மேல சொல்லுவேன்.

அந்தப் பொம்பளைங்கள்ல ஒருத்தி மில்காள். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பல. சொந்தக்காரங்க கதவ டமார்னு சாத்திட்டாங்க. தபீத்தாள்தான் உடுத்தத் துணியும் குடுத்து, வீட்டுலயும் வச்சுக்கிட்டா. அவள விட்டா மில்காளுக்கு நாதியில்ல.

அப்புறம் என்னாச்சு, தபீத்தாள் காய்ச்சல்ல படுத்தா. மூணே நாள், போய்ச் சேந்துட்டா. குளிப்பாட்டி மேல்வீட்டுல கெடத்தினாங்க. பக்கத்து ஊரு லித்தாவுல இயேசப்பாவோட பெரிய சீஷர் பேதுரு இருக்காராம், அவர் ஜெபம் பண்ணா இவ எழும்புவான்னு ரெண்டு பேரு தடதடன்னு ஓடினாங்க. ஆனா பெரியவங்க, பொழுது சாயுறதுக்குள்ள அடக்கம் பண்ணணும்னுட்டாங்க. பேதுரு வர்றதுக்குள்ள மண்ணுல வச்சுட்டா என்ன செய்யன்னு மில்காள் வழியவே பாத்துக்கிட்டு இருந்தா.

அப்போ பாத்தா, செத்தவங்களுக்குப் போத்துற கோடித்துணி தைக்க ஆளில்ல. அங்க யாரு செத்தாலும் தச்சவ தபீத்தாள்தானே, இப்ப அவளுக்கு யாரு தைக்க? நான் தைக்கிறேன்னு மில்காள் உக்காந்தா. அவளுக்கு நூல் கோக்கவே அரை நாள் ஆகும், பாத்துக்கோ.

ஒரு பெரியவர் வந்து முடிஞ்சுதான்னு கேட்டார். மில்காள், நூல் அந்துபோச்சுன்னு சொல்லிட்டா. அப்புறம் மறுபடி வந்தார். கோடிய இழுத்தா மில்காளும் கூடவே வர்றா. தன் உடுப்போட சேத்துத் தச்சிருக்கா! கை தெரியாம தச்சாளோ, வேணும்னு தச்சாளோ, அது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ம்? தூங்கிட்டியா?

மூணாந்தடவ வந்தவர், தச்ச வரைக்கும் போதும், குடும்மான்னு கைய நீட்டினார். மில்காள் துணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. அப்போ படியில தொம் தொம்முனு சத்தம். பேதுரு!

மத்த பொம்பளைங்க அழுதுக்கிட்டே, இது அவ தச்சது, இதுவும் அவ தச்சதுன்னு சட்டைங்களக் காட்டுனாங்க. அவர் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணார். வெளிய மில்காள் கதவுல காத வச்சுக்கிட்டு நின்னா. உள்ள ஒரே ஒரு குரல்.

"தபீத்தா, எழும்பும்மா."

அப்புறம் கதவு கிரீச்சுனு தெறந்துச்சு. பேதுரு கையப் புடிச்சுக்கிட்டு தபீத்தாள் நிக்கிறா! எல்லாரும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு அவளச் சூழ்ந்துக்கிட்டாங்க. மில்காள் மட்டும் நின்ன எடத்துலயே நின்னா. தபீத்தாள் கூட்டத்த வெலக்கிட்டு வந்து அவ முகத்தப் பாத்தா.

"ஏன்டி, காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலையா?"

அதுவரைக்கும் ஒரு சொட்டு கண்ணீர் விடாத மில்காள் அப்பதான் ஓன்னு அழுதா. அழுது முடிச்சு, ரெண்டு பேரும் ஒரே தட்டுல வயிறாரச் சாப்பிட்டாங்க.

அவங்க சாப்பிட்டாச்சு, கதையும் தீந்தாச்சு. நீ கண்ண மூடு, கண்ணு.