ஈரத் தாள்

"என் படத்தில் என்ன குறை?" என்று கேட்டார் ஞானசபாபதி.

ரெஜினா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அப்படி அவர் திருப்பி வைத்த பதினோராவது படம் அது.

ஞானசபாபதிக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு மருத்துவக் கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் உடற்கூற்றுப் படங்கள் வரைந்தவர். எந்தத் தசை எந்த எலும்பில் போய் முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புதுச்சேரியில் ஒரு கண்காட்சியில் ரெஜினா வரைந்த நிர்வாண ஓவியங்களைப் பார்த்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட இருபது வயது இளையவரான ரெஜினாவிடம் மாணவராகச் சேர்ந்தார்.

ஏழு மாதம் ஆகிவிட்டது.

"அளவு தப்பா?"

"இல்லை."

"நிழல்?"

"சரியா இருக்கு."

"அப்புறம் ஏம்மா திருப்பி வைக்கிறீங்க?"

எதிரே மர மேடையில் அஞ்சலாட்சி ஆடையின்றி உட்கார்ந்திருந்தாள். ஓவியர்கள் வரைவதற்காக அசையாமல் உட்காருவது அவள் தொழில். மூன்று பிள்ளை பெற்றவள்.

ரெஜினா அவளைப் பார்த்தார். பிறகு ஞானசபாபதியிடம் கேட்டார்.

"குளிருதா அவங்களுக்கு?"

ஞானசபாபதிக்குப் புரியவில்லை. படத்தில் குளிர் தெரியவில்லை என்கிறாரோ?

படத்தை எடுத்து வந்தார். நீலம் குழைத்தார். தோளில் ஒரு தீற்று. முழங்காலில் ஒரு தீற்று.

"இப்போ?"

"நான் படத்தைக் கேக்கல."

அவர் இன்னும் குழம்பினார். படத்தைக் கேட்கவில்லை என்றால் வேறு எதை?

நிமிர்ந்து பார்த்தார்.

அஞ்சலாட்சியின் கைகள் இரண்டிலும் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

குனிந்து படத்தைப் பார்த்தார். அங்கேயும் இருந்தன. புள்ளி புள்ளியாக, ஒன்று விடாமல் அவரே வரைந்திருந்தார்.

வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" என்றார்.

"தாள் காயணும்னு நீங்கதானே ஃபேனைப் போட்டீங்க, ஐயா," என்றாள் அஞ்சலாட்சி. "நாம எப்படி நிறுத்தச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

ஞானசபாபதி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

"தாள் காயாதே," என்றார் ரெஜினா.

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கொடியில் கிடந்த போர்வையை எடுத்துக்கொண்டு மேடையருகே போனார்.

ஏழு மாதமாக இமைக்காமல் பார்த்த உடம்புதான்.

போர்வையை நீட்டும்போது அவர் கண்கள் தாமாகத் தாழ்ந்தன. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.