கள்ளி முள்ளில் ஒரு பாட்டு

"தாயே, என்னால கும்பிட முடியல" என்றார் கோதண்டம்.

மடத்து அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணை மூடினா சாமி வரமாட்டேங்காரு. ஒரு தட்டு கீழ விழுந்து உடையுது. அந்தச் சத்தந்தான் கேக்கு."

"என்ன தட்டு அண்ணாச்சி?"

வயதில் கோதண்டம் பெரியவர். அதனால் அம்மாவுக்கு அவர் அண்ணாச்சி. ஆனால் அவருக்கு அம்மாதான் குரு. அதனால் தாயே.

அவர் மடியில் ஒரு வட்டத் தகர டப்பா இருந்தது. மலையடிவாரம் வரை பஸ்ஸில் வந்தபோதும் அது மடியை விட்டு இறங்கவில்லை.

"அது என் முறுக்கு டப்பா தாயே" என்றாள் பக்கத்திலிருந்த சிவகாமி. அவர் மனைவி. "தீபாவளிக்குக்கூடத் திருப்பித் தரல."

கோதண்டம் மூடியைத் திறந்தார். பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு பழைய பட்டுத் துண்டு. துண்டுக்குள் ஒரு கறுப்பு இசைத்தட்டு.

கோதண்டம் இசைத்தட்டு சேர்க்கிறவர். பழைய பாத்திரக்கடை, இடிக்கப்போகிற வீடு, மூடிக்கிடக்கிற கொட்டகை, எங்கே தட்டு இருக்கிறது என்று காதில் விழுந்தாலும் அங்கே போய் நிற்பார். கிடைத்ததும் முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். அப்புறம் குளிப்பாட்டின பிள்ளையைத் துவட்டுகிற மாதிரி மல் துணியால் துடைப்பார்.

அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்ததற்கே ஆண்டவனுக்கு விளக்கு ஏற்றலாம் என்று சிவகாமி சொல்வாள். அவர் காதுபடச் சொல்லமாட்டாள்.

பௌர்ணமிதோறும் கோதண்டம் தம் கிராமபோன் பெட்டியை மடத்துக்குக் கொண்டுவருவார். சாவி கொடுத்துப் பாட்டு வைப்பார். பூசைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அன்றும் பௌர்ணமி. பெட்டி ஓரமாக இருந்தது. பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இது யாரு பாடினது?" என்று கேட்டார் அம்மா.

"செண்பகவடிவு அம்மாள். முருகன் பாட்டு. இந்தம்மா பாடினது இது ஒண்ணுதான். வேற யாருகிட்டயும் இல்ல. நான் எத்தனையோ ஊருல விசாரிச்சுட்டேன்."

"எப்படிப் பாடியிருக்காங்க?"

கோதண்டம் பட்டுத் துண்டின் ஓரத்தை மடித்தார்.

"கேளுங்க தாயே, நல்லாக் கேளுங்க" என்றாள் சிவகாமி.

"நான் இன்னும் கேக்கல" என்றார் கோதண்டம்.

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்க தாயே." அவர் தட்டைத் தொடாமல் விரலால் காட்டினார். ஓரத்திலிருந்து நடுவுக்கு முடி கனத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. "ஊசியை வச்சா இது பிளந்தாலும் பிளந்துரும். பிளக்கலேன்னாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். ஒரே ஒரு தட்டு. என் கையில வந்திருக்கு. என் கையாலயே அழிஞ்சிரக் கூடாதுல்லா?"

"அதுக்காக?"

"நீங்களே வச்சுக்கிடுங்க தாயே. மடத்துல பத்திரமா இருக்கும். எனக்கு நிம்மதியாக் கும்பிட்டாப் போதும்."

அம்மா டப்பாவை வாங்கவில்லை.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"பஸ்ஸுலயே சாப்பிட்டேன். இவ புளியோதரை கட்டிக்கொண்டாந்தா."

"உப்பு சரியா இருக்கான்னு கேட்டேன் தாயே" என்றாள் சிவகாமி. "எனக்கு விரதம். நான் வாயில வச்சுப் பாக்கல. இவரு டப்பாவையே பாத்துக்கிட்டு வந்தாரு. பதில் இன்னும் வரல. கல்யாணம் ஆன நாள்லயிருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அம்மா சிரித்தார். பிறகு கோதண்டத்தைப் பார்த்தார்.

"நல்ல சோறாச்சே அண்ணாச்சி. ஏன் சாப்பிட்டீங்க? பத்திரமா வச்சிருக்கலாமே."

"கெட்டுப்போயிருமே தாயே."

அம்மா மறுபடி கீரையை எடுத்தார்.

கோதண்டம் சொன்னார். "நீங்க என்ன சொல்ல வாறீங்கன்னு புரியுது. ஆனா சோறு நாளைக்கும் பொங்கலாம். செண்பகவடிவு நாளைக்கு வந்து பாடமாட்டா."

"அதுவும் சரிதான்" என்றார் அம்மா.

சிவகாமிக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மா ஏதாவது கோபமாகச் சொல்வார் என்று நினைத்திருந்தாள்.

"பாடின அம்மாவாவது அதைக் கேட்டிருப்பாங்கல்லா?" என்று அம்மா கேட்டார்.

"அது சொல்ல முடியாது தாயே." இதைப் பேச ஆரம்பித்ததும் கோதண்டத்தின் முகம் தெளிந்தது. "அப்பல்லாம் ஒரு பெரிய குழாய்க்குள்ள முகத்தை நீட்டிப் பாடணும். அது மெழுகுல பதியும். சரியா வந்துருக்கான்னு போட்டுப் பாக்க முடியாது. போட்டுப் பாத்தா மெழுகு கெட்டுரும். அது எங்கயோ கப்பல்ல போயி, தட்டாகித் திரும்பி வரணும். மாசக்கணக்காகும். வந்தாலும் கேக்குறதுக்குப் பெட்டி வேணும். பெட்டி வாங்க அந்தம்மாவுக்கு வசதி இருந்துதோ என்னவோ."

"அப்போ பாடினவங்களும் கேக்கல."

"தெரியல தாயே."

"வச்சிருக்கவங்களும் கேக்கல."

கோதண்டம் தட்டைப் பார்த்தார்.

"ஊசி வச்சாத்தானே தேயும்?" என்றார் அம்மா.

"ஆமா. சில பேரு முன்னாடி முள்ளு வச்சுக் கேப்பாங்க. இரும்பு ஊசின்னா தட்டு தேயும். முள்ளுன்னா முள்ளுதான் தேயும். சத்தம் கொஞ்சமா வரும். ஒரு பாட்டுக்கு ஒரு முள்ளு. அதுலயும் நம்மூரு கள்ளி முள்ளு நல்லா இருக்கும்னு..."

அவர் சொல்லி முடிக்குமுன் அம்மா எழுந்து போய்விட்டார்.

மடத்து வேலியில் சப்பாத்திக்கள்ளி மண்டிக்கிடந்தது. அம்மா குனிந்து குனிந்து எதையோ தேடுவது தெரிந்தது. திரும்பி வந்தார். விரலில் ஒரு துளி ரத்தம். நன்றாகக் காய்ந்த ஒரு முள்ளைக் கோதண்டத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"வேண்டாம் தாயே" என்றார் கோதண்டம்.

அம்மா உட்கார்ந்தார்.

"உடைஞ்சிட்டா?" என்று கேட்டார் கோதண்டம்.

"உடைஞ்சா அழலாம். நானும் கூட உக்காந்து அழுறேன்."

சிவகாமி ஓரத்திலிருந்த கிராமபோனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கேட்டுட்டு அழலாம் அண்ணாச்சி. இப்ப கேக்காமலே அழுதுக்கிட்டு இருக்கீங்க."

கோதண்டம் முள்ளை மோந்து பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அதன் ஓரத்தில் முள்ளின் நுனியைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினார். கிராமபோன் பெட்டியைத் திறந்தார். ஊசி மாட்டுகிற இடத்தில் முள்ளைப் பொருத்தித் திருகினார். சாவி கொடுத்தார். துண்டிலிருந்து தட்டை எடுத்தார். சிவகாமி அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

தட்டு சுழன்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முருகா" என்றார். முள்ளை இறக்கினார்.

இரைச்சல்.

டிக்.

இரைச்சல்.

டிக்.

விரிசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் வந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் கோதண்டத்தின் தோள் குலுங்கியது.

பிறகு ஒரு பெண் குரல்.

சின்ன வயதுக் குரல். கொஞ்சம் பயந்த குரல். குழாய்க்குள் முகத்தை நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுகிற குரல்.

*வாசல்வரை வந்துநின்றேன், வாவென்று சொல்லாயோ.*

முள்ளின் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் எட்டும். மூவரும் பெட்டிக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்று தலையும் முட்டிக்கொள்வதுபோல் இருந்தது.

போகப் போக அவள் பயம் தெளிந்தது. குரல் மேலே போனது. போன இடத்தில் நின்றது. அங்கிருந்து இறங்க மனமில்லாமல் இறங்கியது. டிக் டிக் என்ற சத்தம் யாரோ கூட உட்கார்ந்து தாளம் போடுவதுபோல் ஆகிவிட்டது.

கோதண்டத்தின் தோள் குலுங்குவது நின்றிருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உடைகிற சத்தம் எங்கேயும் கேட்கவில்லை.

முள் மழுங்க மழுங்கக் குரலும் தேய்ந்தது. பாட்டு முடிகிறவரை முள் தாங்கவேண்டும் என்று சிவகாமி வேண்டிக்கொண்டாள். பாட்டைப் பற்றி அவள் சாமியிடம் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

முள் தாங்கியது.

பாட்டு முடிந்தது. பாட்டு முடிந்த நிமிஷமே முள்ளைத் தூக்குவது தட்டு சேர்க்கிறவர்களின் பழக்கம். வெறும் இரைச்சலுக்காக எதற்குத் தேய்க்கவேண்டும்? கோதண்டத்தின் கை நீண்டது.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரைச்சல்.

டிக்.

இரைச்சல்.

அப்புறம் அதே குரல். பாடவில்லை, பேசியது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி யாரிடமோ கேட்டது.

"ஐயா... சரியாப் பாடிட்டேனா?"

அவ்வளவுதான். அதற்குமேல் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா கோதண்டத்தின் கையை விட்டார்.

சிவகாமி கணவனை முழங்கையால் இடித்தாள்.

"அந்தம்மா கேக்காவல்லா. சொல்லுங்களேன்."

கோதண்டம் இரண்டு கையையும் கூப்பினார். சாமி முன்னால்கூட அவர் அப்படிக் கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

"ரொம்ப நல்லா இருந்துதும்மா" என்றார்.

பிறகு, கூப்பிய கையை இறக்காமலே, மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உப்பும் சரியாத்தான் இருந்துது, சிவகாமி."